பாலத்தில் நின்ற புள்ளி

என் மகள் போகும் பள்ளிப் பேருந்தில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், முதலுதவிப் பெட்டிக்கு மேலே, ஒரு கறுப்புப் பெட்டி திருகாணி போட்டுப் பொருத்தப்பட்டிருக்கிறது. சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. பேருந்து எங்கே போகிறது என்று பெற்றோரின் கைப்பேசிக்குச் சொல்வது அதன் வேலை. வரைபடத்தில் பேருந்து ஒரு நீலப் புள்ளியாக நகரும். அந்தப் பெட்டிக்குள் ஓடும் மென்பொருளில் பெரும்பகுதியை எழுதியவள் நான்.

எங்கள் அலுவலகம் தம்பானூரில், ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ரயில் அறிவிப்பு மூன்று மொழியில் கேட்கும். பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறோம். நான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து இன்ஜினியரிங் படிக்க, எல்லை தாண்டி, இந்த மலையாள ஊருக்கு வந்தவள். வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, கரமனையில் வீடு அமைந்தது, திரும்பிப் போகவில்லை. கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை, மாதத்தில் இரண்டு முறை வருவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும்தான்.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த தவறு புரியாது.

நாங்கள் முதலில் செய்த பெட்டிகள் அடிக்கடி செத்துப்போயின. காரணம் எளிது. ஓட்டுநர் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தால் பெட்டிக்கு மின்சாரம் நின்றுவிடும். அந்த நேரத்தில் அது எதையாவது ஃப்ளாஷில், அதாவது உள்ளே இருக்கும் நிரந்தரச் சேமிப்பில், எழுதிக்கொண்டிருந்தால், எழுத்து பாதியில் அறுந்துவிடும். மறுநாள் காலையில் அது விழிக்காது. திங்கட்கிழமைதோறும் யாராவது ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைப்பார்கள்.

அதற்கு நான் கண்ட வழி, ஃப்ளாஷைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுவது. ஆனால் எந்த மென்பொருளுக்கும் கிறுக்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். தற்காலிகக் குறிப்புகள், இன்னும் அனுப்பாத இருப்பிடங்கள், அன்றைக்கு என்னென்ன நடந்தது என்ற நாட்குறிப்பு. இவற்றுக்காகப் பெட்டியின் மெமரியில் ஒரு பகுதியை ஒதுக்கி, அதை ஒரு டிஸ்க் போல நடக்கச் சொல்லலாம். எழுதலாம், அழிக்கலாம். மின்சாரம் போனால் எல்லாம் போய்விடும். ஃப்ளாஷ் நோட்டுப்புத்தகம் என்றால் இது சிலேட்டு. தினமும் காலையில் துடைத்த சிலேட்டோடு பெட்டி எழுந்திருக்கும்.

எனக்குப் பயந்த சுபாவம். மகளுக்கு இருமல் வந்தால் அன்றைக்கே மூன்று நோய்களை நினைத்துவிடுவேன். கெட்டுப்போக வழியே இல்லாத ஒன்றைச் செய்து வைத்தால்தான் மனம் அடங்கும். சிலேட்டு முறை வந்தபிறகு பிளாஸ்டிக் பைகள் நின்றன. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மெமரியில் அப்படி மூன்று இடங்களை அமைத்தேன், மூன்று வரிகளில். ஒவ்வோர் இடமும் எவ்வளவு வரை வளரலாம் என்று வரியின் கடைசியில் ஓர் எண் போடலாம். போடாவிட்டால் மொத்த மெமரியில் பாதி வரை வளர விட்டுவிடும். நான் எண் போடவில்லை. பாதிதானே, மீதிப் பாதி இருக்கிறதே என்று விட்டேன். மேசைமேல் இரண்டு நாள் தொடர்ந்து ஓடவிட்டுப் பார்த்தேன். ஜன்னலோரம், சிக்னல் தெளிவு, நாட்குறிப்பில் எழுதவே ஒன்றும் இருக்கவில்லை. நன்றாக ஓடியது. நாற்பது பேருந்துகளில் பொருத்தினோம். அதில் ஒன்று என் மகளுடையது.

இனி அந்தப் புதன்கிழமை.

ஐப்பசி மாதம். இங்கே துலாமழை என்பார்கள். காலையில் மூட்டமாக இருந்து மதியத்துக்குப்பின் இடித்துப் பெய்யும் மழை. அன்று காலையிலேயே தொடங்கிவிட்டது. மூன்றரைக்குப் பள்ளி விடும். பேருந்து ஏறத்தாழ மூன்று ஐம்பதுக்குக் கரமனை ஆற்றுப் பாலத்தைக் கடக்கும். நான்கு மணிக்கு எங்கள் தெருமுனையில் நிற்கும். தினமும் அலுவலகத்தில் இருந்தபடி அதைப் பார்ப்பேன். வேலையாக அல்ல, அம்மாவாக.

அன்று மூன்று ஐம்பத்திரண்டுக்குப் புள்ளி பாலத்துக்கு வந்தது. நான்கு ஐந்துக்குப் பார்த்தபோதும் பாலத்தில் இருந்தது. மழையில் நெரிசல் இருக்கும் என்று நினைத்தேன். நான்கு இருபதுக்கும் அங்கேயே. பெற்றோர் வாட்சாப் குழுவில் மலையாளமும் ஆங்கிலமுமாகச் செய்திகள் வரத் தொடங்கின. பஸ் பாலத்தில் நிக்குன்னு, எந்து பற்றி, ஆரெங்கிலும் அறியுமோ: பஸ் பாலத்தில் நிற்கிறது, என்ன ஆயிற்று, யாருக்காவது தெரியுமா என்று. ஓட்டுநரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது கைப்பேசியைத் தொடக்கூடாது என்று அவரிடம் கையெழுத்து வாங்கியவர்கள் பெற்றோர் நாங்கள்தான். மகளிடம் கைப்பேசி கிடையாது. பள்ளி விட்டதும் அவளைப் பார்த்துக்கொள்ளும் கீழ்வீட்டு அம்மாவும் எடுக்கவில்லை.

ஓர் ஆட்டோவில் ஏறினேன். "எங்கோட்டா சேச்சி?" என்றார் ஆட்டோக்காரர். "பாலம்" என்றேன். "பாலம் கழிஞ்ஞோ, முன்பேயோ?" என்று கேட்டார், பாலத்தைத் தாண்டியா, அதற்கு முன்னாலேயா என்று. "பாலத்திலதான். என் பிள்ளை வர்ற வண்டி" என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். ஒரு சந்துக்குள் திருப்பி, எந்தெந்த வழியாகவோ கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பாலத்தில் பேருந்து இல்லை. வண்டிகள் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தன. ஆறு செம்மண் நிறத்தில், நான் பார்த்தே இராத உயரத்தில் ஓடியது. கையிலிருந்த கைப்பேசியில் புள்ளி சரியாக நான் நின்ற இடத்தில் இருந்தது. என் காலடியில். நான் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், ஒரு பக்கம் முழுக்க, பிறகு மறுபக்கம் முழுக்க. எங்காவது உடைந்திருக்கிறதா என்று. உடையவில்லை. ஆனாலும் இரண்டாம் முறை பார்த்தேன். அந்த நடையைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு இப்போதும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மகள் கீழ்வீட்டுப் படியில் உட்கார்ந்து காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் பழம்பொரி, நேந்திரம்பழ பஜ்ஜி. பாலம் தாண்டியதும் சாலையில் தண்ணீர் நின்றதாம், ஓட்டுநர் அண்ணன் சுற்றுவழியாகக் கொண்டுவந்தாராம், ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் வாசலில் இறக்கிவிட்டாராம்.

"அம்மா பேடிச்சு போயோ?" என்றாள். பயந்துவிட்டாயா என்று. பள்ளிக்கூடத்து மொழி அவளுக்கு முந்திக்கொண்டு வரும். அவள் தலையைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு மாடிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சமையலறைத் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். காலையிலேயே நான் பேருந்துகள் நிற்கும் ஷெட்டுக்குப் போய்ப் பெட்டியைச் சோதித்துவிட்டேன். நன்றாக வேலை செய்தது. நாட்குறிப்பைத் திறந்தேன். அன்று காலை சாவியைத் திருப்பியது முதல் நான்கைந்து வரி. முந்தைய நாளைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. இருக்கவும் முடியாது, நான் அப்படித்தானே அமைத்திருந்தேன்.

கூட்டத்தில் ஓட்டுநர் கதவோரம் நின்றார். ஐம்பது வயதிருக்கும். எல்லையிலிருக்கும் களியக்காவிளைக்கு அந்தப்பக்கம், எங்கள் மாவட்டத்து ஊர்க்காரர். ஆரியசாலையில் ஒரு கடைக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஞாயிறு ஊருக்குப் போவார். பேருந்தை எங்கோ திருப்பிக்கொண்டு போவதற்காகப் பெட்டியை அணைத்துவிட்டார் என்பது அவர்மேல் வந்த பேச்சு. "நான் ஆஃப் பண்ணல்ல சாரே" என்பதை மட்டும் அவர் மூன்று முறை சொன்னார்.

போக்குவரத்தைக் கவனிக்கும் ஆசிரியர் என் பக்கம் திரும்பி, "மேடம் அல்லே இது உண்டாக்கியது? மேடம் பறயூ" என்றார். செய்தவள் நீங்கள்தானே, நீங்களே சொல்லுங்கள் என்று.

"பெட்டி தானாக நிற்காது" என்றேன். "யாராவது அணைத்தால்தான் நிற்கும்."

என் குரல் உறுதியாக இருந்தது. முந்தைய நாள் பாலத்தில் அடக்கிக்கொண்டதெல்லாம் அந்தக் குரலில் இருந்தது என்று இப்போது தெரிகிறது. யாராவது ஒருவர் அதற்குக் காரணமாக இருக்க வேண்டியிருந்தது. துடைத்த சிலேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருந்தது என்று சாட்சி சொன்னேன். திங்கட்கிழமை முடிவு சொல்வதாகவும், அதுவரை அவர் வண்டியைத் தொட வேண்டாம் என்றும் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள். முடிவு என்னவென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அழைப்புமணி அடித்தது. வாசலில் அந்த ஓட்டுநர். கையில் என் மகளின் குடை.

"பிள்ளைக்க கொட வண்டியில கெடந்துது மேடம். இப்பம் வேற ஆளு ஓட்டுதான். காணாம போயிரும்னு அன்னைக்கே எடுத்து வச்சேன்."

"உள்ள வாங்க அண்ணே."

"வேண்டாம், செருப்பெல்லாம் சேறு." குடையைக் கொடுத்தபிறகும் அவர் போகவில்லை. "ஒரு காரியம் சொல்லட்டா? நான் அன்னைக்கு வண்டிய ஆஃப் பண்ணல்ல."

"அதத்தான் கூட்டத்திலயும் சொன்னீங்களே."

"அதில்ல மேடம். பாலத்தில ஆஃப் பண்ணல்லன்னு மட்டும் இல்ல. அன்னைக்கு முழுசும் ஆஃப் பண்ணல்ல. செல்ஃப் எடுக்கல்ல. காலம்பற ஆறே முக்காலுக்கு நாலு பேரு தள்ளித்தான் ஸ்டார்ட் ஆச்சு. அணைச்சா பெறவு ஆரு தள்ளுவா, மழ வேற. உச்சைக்குப் பிள்ளியள கலைவிழாவுக்குக் கொண்டு விட்டேன், அப்பமும் ஓடிட்டேதான் நின்னுது. சாயங்காலம் ஷெட்டுக்கு வந்தபெறவுதான் சாவிய எடுத்தேன்."

"இத ஏன் அங்க சொல்லல?"

அவர் சிரித்தார். "சும்மா நிக்கும்போ எஞ்சின் ஓடப்பிடாதுன்னு ஷெட்டில போர்டு வச்சிருக்கு மேடம். டீசல் எரிச்சதுக்கு வேற ஒரு கேஸ் வரும். ஒண்ணு போதும்னு வாய மூடிட்டேன்."

அவர் படியிறங்கிப் போனார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நாள் முழுக்க அணைக்காத வண்டி. அப்படியானால் நாள் முழுக்கத் துடைக்காத சிலேட்டு.

மற்ற நாட்களில் காலை ஓட்டம் முடிந்ததும் சாவி அணையும், சிலேட்டு துடைக்கப்படும். மாலை ஓட்டம் முடிந்ததும் மறுபடி. என் தவறு வளர்ந்து கண்ணில் படுவதற்குள், நாற்பது ஓட்டுநர்கள் தினமும் இரண்டு முறை அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் மழையில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று ஒருவர் துடைக்காமல் விட்டார். அவரைத்தான் நான் கைகாட்டினேன்.

ஆனால் அது என் ஊகம்தான். சான்று எதுவும் இல்லை. சான்று இருந்த இடம் அழிந்துவிட்டது. நடந்ததை மறுபடி நடத்திக் காட்டினால்தான் உண்டு. அலுவலகத்திலிருந்து ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, சமையலறை மேசைமேல், இட்லிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அதை ஓடவிட்டேன். சிக்னல் ஆன்டெனாவைப் பாதி தளர்த்தி வைத்தேன், மழைநாள் போல இருக்கட்டும் என்று. சிக்னல் கிடைக்காதபோதெல்லாம் பெட்டி நாட்குறிப்பில் புலம்பும்: அனுப்ப முடியவில்லை, மறுபடி முயல்கிறேன், முடியவில்லை. மேசையில் நான் சோதித்த இரண்டு நாட்களில் அதற்குப் புலம்ப எதுவும் இருக்கவில்லை.

மதியம் ஒன்றரைக்குக் கரன்ட் போயிற்று. பெட்டி அணைந்தது. கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் எழுதியதெல்லாம் போயிற்று.

"அம்மா அமைச்சது சரியாத்தான் வேல செய்யுது" என்றாள் மகள்.

ஞாயிற்றுக்கிழமை, வைஃபைக்காக வைத்திருந்த சின்ன யுபிஎஸ்ஸில் பெட்டியை மாட்டி, அதே ஆறே முக்காலுக்குத் தொடங்கினேன். மடிக்கணினியில் மீதமிருக்கும் மெமரி ஓர் எண்ணாகத் தெரியும்படி வைத்தேன். அது மெதுவாகக் குறைந்துகொண்டே வந்தது. மகள் பாடம் எழுதிக்கொண்டே அவ்வப்போது எட்டிப் பார்த்தாள். கைப்பேசியில் புள்ளி எங்கள் வீட்டின்மேல் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு அங்கும் இங்கும் அசைந்தது.

"எவ்வளவு எழுதலாம்னு அதுகிட்ட சொல்லலையா?"

"சொல்லலேன்னா பாதி மெமரி வரைக்கும் எழுதும்."

"எத்தன எடத்தில எழுதுது?"

"மூணு."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "மூணு பாதி சேர்ந்தா ஒண்ணரை. இது அஞ்சாம் கிளாஸ் கணக்கு அம்மா."

மூன்று மணிக்குமேல் நான் எழுந்து போகவில்லை. மூன்று நாற்பத்தொன்றுக்கு எண் அதற்குமேல் இறங்க இடமில்லாத நிலைக்கு வந்தது. மெமரி தீர்ந்துபோனால் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, அதிக இடம் பிடித்திருக்கும் ஒரு வேலையைக் கொன்றுவிடும். அது தேர்ந்தெடுத்தது, இருப்பிடத்தை அனுப்பும் வேலையை. பெட்டியின் பச்சை விளக்கு எப்போதும்போல மினுக்கிக்கொண்டிருந்தது. புள்ளி அசைவதை நிறுத்தியது. அது எத்தனை நேரத்துக்கு முந்தைய புள்ளி என்று கைப்பேசியில் எங்கும் தெரியவில்லை. அதுவும் நாங்கள் செய்ததுதான்.

"நின்னு போச்சு" என்றாள் மகள். சின்னக் குரலில் சொன்னாள்.

மெமரி தீர்ந்தது என்று திரையில் வந்த வரியை, அது அழிவதற்குமுன் படம் எடுத்துக்கொண்டேன். இரண்டு முறை எடுத்தேன்.

திங்கட்கிழமை காலை முதலில் எங்கள் மேலாளரிடம் சொன்னேன். நல்ல மனிதர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார்.

"ஒரு அப்டேட் விட்டால் போரே மேடம்? ஸ்கூல்காரு சோதிக்கான் போகுன்னில்ல" என்றார். திருத்தத்தை அனுப்பிவிட்டால் போதாதா, பள்ளியிலிருந்து யார் கேட்கப்போகிறார்கள் என்று.

"அந்த ஆளுக்கு இன்னைக்கு வேலை போகும் சார்."

"அறியாம்." தெரியும் என்றார். ஜன்னலுக்கு வெளியே ஏதோ ரயில் தாமதம் என்று மூன்று மொழியில் சொல்லி முடித்தது. "பின்னே, போயிட்டு வாங்க. நான் அனுப்பினதா யாரிடமும் சொல்ல வேண்டாம், கேட்டோ."

பள்ளியில் அதே அறை. போக்குவரத்து ஆசிரியர், பெற்றோர் இருவர், கதவோரம் ஓட்டுநர். நான் படத்தை மேசைமேல் வைத்துச் சொன்னேன். வியாழக்கிழமை நான் சொன்னது தவறு, அவர் எதையும் அணைக்கவில்லை, இடையில் ஒருமுறை வண்டியை அணைத்திருந்தால் புள்ளி நின்றிருக்காது, பிழை என் மூன்று வரிகளில் இருக்கிறது என்று. சிலேட்டு, பாதி எல்லாம் விளக்கினேன். அவர்களுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. பிழை என்னுடையது என்பது புரிந்தது. ஒரு பெற்றோர், "அப்போ எங்கள் பிள்ளைகளை இத்தனை நாள் எதை நம்பி விட்டோம்?" என்று கேட்டார். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன்.

டீசலைப் பற்றி நானே சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல் மற்றது நிற்காது. ஆசிரியர் ஓட்டுநரைப் பார்த்தார். "செல்ஃப் கேடாணெங்கில் பறயண்டே?" என்றார், பழுதென்றால் சொல்ல வேண்டாமா என்று. "ரெண்டு வட்டம் எழுதிக் கொடுத்தாச்சு சாரே" என்றார் ஓட்டுநர், இரண்டு முறை என்று. ஆசிரியர் மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடினார். தேடிக்கொண்டே, நாளை முதல் வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வராந்தாவில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம் அன்னைக்குச் சொன்னத ஆரோ வாட்சாப்பில போட்டுட்டாவ" என்றார். "அது சுத்தி எங்க ஊரு வர வந்துட்டு. எனக்க மவ வாசிச்சா. பிளஸ் டூ படிக்கா. அப்பா, பிள்ளியள வச்சுக்கிட்டு வண்டிய எங்க கொண்டு போனீங்கன்னு போன் போட்டுக் கேட்டா."

கைப்பேசியை வெளியே எடுத்தேன்.

"இப்பம் சொன்னதையும் எழுதிப் போடுங்க" என்றார். "அவ வாசிக்கட்டு."

அங்கேயே நின்று எழுதினேன். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. பிழை யாருடையது என்பதை முதல் வரியிலேயே வைத்தேன். அவர் தன் கைப்பேசியில் வந்ததும் முழுக்கப் படித்துவிட்டு, ஊருக்கு அனுப்பினார்.

திருத்தம் சின்னது. மூன்று வரிகளின் கடைசியிலும் ஒவ்வோர் எண். நாட்குறிப்பு ஓர் அளவைத் தாண்டினால் பழைய பக்கத்தைத் தானே அழித்துக்கொள்ளும். புள்ளிக்குக் கீழே, அது எத்தனை நிமிடத்துக்கு முந்தையது என்று தெரியும். ஆனால் மேசைமேல் ஓடியதை நம்ப எனக்கு இனி மனமில்லை. தயங்கித் தயங்கி அவரிடமே கேட்டேன்: ஒருநாள் முழுக்க வண்டியை அணைக்காமல் வைத்திருக்க முடியுமா என்று. பள்ளியில் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொடுத்தால் செய்வதாகச் சொன்னார். வாங்கிக்கொடுத்தேன்.

அந்த நாளும் மழை. மூன்று ஐம்பதுக்கு நான் அலுவலகத்தில் இல்லை. தெருமுனையில் குடையோடு நின்றேன். கையில் கைப்பேசி இருந்தது. புள்ளி பாலத்துக்கு வந்தது. நான் திரையிலிருந்து கண்ணை எடுத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேருந்து வந்து நின்றது, மகள் இறங்கினாள். ஓட்டுநர் எஞ்சினை அணைக்காமல், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"காலம்பற தொட்டு ஓடுகு. புள்ளி வருதா?"

"வருது" என்றேன்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டார்.